அரை மணித்தியாலத்தின் வரலாறு

மணி என்ன என்று ஒருவர் வினவினால், அருகிலுள்ளவர் மணிக்கூட்டைப் பார்த்து மறுமொழி கூறுகின்றார். அந்த மணிக்கூட்டுக்கு அந்த மணியைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் அவ்வினா வானிலுள்ள சூரியனில் தொடங்கி, புகையிரத நிலையத்தையும் அரசாங்க வர்த்தமானியையும் கடந்து, இக்காலத்தில் ஒவ்வொரு பணிமனையிலும் உள்ள கணினிவரை சென்றடையும்.

இலங்கைத் தீவில் 1996ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை ஒரே வேளையில் இரண்டு நேரங்கள் வழங்கின. இரண்டுக்கும் இடையே பெரும்பாலான காலத்தில் இருந்த வேறுபாடு அரை மணித்தியாலம். அந்த வேறுபாட்டின் எல்லைக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலருகே நெடுங்காலம் கிடந்தது. மையத்திற் பிறந்த கட்டளை ஒன்று தொலைவிலுள்ள மணிக்கூட்டை எவ்வாறு அடைகின்றது, எக்காரணங்களால் அடையாமற் போகின்றது, அடையாதவிடத்து அதனை எவ்வாறு கண்டறிவது என்பவற்றை விளக்குவதற்கு இவ்வரலாற்றினும் பொருத்தமான சான்று வேறில்லை.

பண்டைத் தமிழர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணித்தியாலம். நாழிகையை எண்ணுவதற்குத் தொடக்கம் சூரியோதயம். ஆதலால் ஒவ்வோர் ஊருக்கும் அதன் வானமே நேரங் காட்டியது. பருத்தித்துறையின் காலை பருத்தித்துறைக்கு உரியது. மன்னாரின் காலை மன்னாருக்கு உரியது. ஓர் ஊரின் நேரத்தை மற்றோர் ஊரிலிருந்து ஆணையிட்டு மாற்றவேண்டிய தேவை எழவில்லை.

ஆயினும் அக்காலத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என இருவகைக் கணிப்புகள் வழங்கி வருகின்றன. கொக்குவிலில் இரகுநாதையர் மரபில் வருவது வாக்கியம்; மட்டுவிலிலிருந்து வெளிவருவது திருக்கணிதம். வருடப்பிறப்பின் புண்ணியகாலம் இவ்விரண்டிலும் வேறுபடக் காணலாம். அப்போது ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வோர் ஆலயமும் தாம் வழிவழியாக நம்பிய பஞ்சாங்கத்தையே கைக்கொள்கின்றன. எந்த நேரம் ‘சரியான நேரம்’ என்பது எவருடைய கணக்கை ஏற்றுக்கொள்கின்றோம் என்பதையும் பொறுத்தது என்னும் உண்மை, யாழ்ப்பாணத்தவர்க்கு மணிக்கூடு வருமுன்னரே தெரிந்திருந்தது.

ஊர்தோறும் வேறுபட்ட நேரத்துக்கு முடிவு கட்டியது புகையிரதம். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையான வடக்கு இருப்புப்பாதை 1905ஆம் ஆண்டில் தொடராக இணைந்தது. வண்டி புறப்படும் நேரமும் சேரும் நேரமும் வழியிலுள்ள எல்லா நிலையங்களுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக இரு வண்டிகள் வந்துவிடும். அடுத்த ஆண்டாகிய 1906இல் இலங்கை, கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முற்பட்ட நேரத்தைத் தன் பொதுநேரமாக்கிக் கொண்டது. இந்தியாவும் அதே ஆண்டில் அதே நேரத்தை ஏற்றது.

பூமி ஒரு மணித்தியாலத்தில் பதினைந்து பாகை சுழல்கின்றது. ஐந்தரை மணித்தியாலம் என்பது கிழக்கு நெடுங்கோடு எண்பத்திரண்டரைப் பாகைக்கு உரிய நேரம். யாழ்ப்பாண நகரமோ ஏறத்தாழ எண்பதாம் பாகையில் இருக்கின்றது. ஆகவே வானத்துச் சூரியனுக்கும் சுவரிலுள்ள மணிக்கூட்டுக்கும் இடையே பத்து நிமிட வேறுபாடு நிலைத்தது. பத்து நிமிடத்தை உழவனும் பொருட்படுத்தவில்லை, ஆசிரியனும் பொருட்படுத்தவில்லை. பொதுநேரத்தின் நன்மைக்குக் கொடுத்த சிறு விலை அது.

எனினும், ஆணை பிறந்தவுடன் எல்லா மணிக்கூடுகளும் அதற்கு அடங்கிவிடும் என்று எண்ணலாகாது. இந்தியாவின் பொதுநேரம் 1906இல் நடைமுறைக்கு வந்த பின்னரும், கல்கத்தா நகரம் 1948ஆம் ஆண்டு வரையும் பம்பாய் நகரம் 1955ஆம் ஆண்டு வரையும் தத்தம் பழைய நேரங்களைக் கைவிடாதிருந்தன. இலங்கையிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மணிக்கூடுகள் முன்தள்ளப்பட்டன. 1942ஆம் ஆண்டு ஜனவரியில் அரை மணித்தியாலமும், செப்டெம்பரில் மேலும் அரை மணித்தியாலமும் கூட்டப்பட்டன. 1945 ஒக்டோபரில் பழைய ஐந்தரை மணித்தியாலம் மீண்டது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள் இலங்கையின் நேரம் அசையவில்லை.

அசைந்த ஆண்டு 1996. மழை குறைந்தமையால் மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றின. நீர்மின் உற்பத்தி வீழ்ந்தது. நாடெங்கும் மின்வெட்டு நிலவியது. மணிக்கூட்டை முன்தள்ளினால் மாலை அலுவல்களுள் பல பகல் வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். விளக்கேற்றும் நேரம் சுருங்கும். மின்சாரம் மிஞ்சும் என்பது அரசின் கணக்கு. அவ்வாண்டு மே 25ஆந் திகதி தொடங்கிய நள்ளிரவில் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டன. நாட்டின் நேரம் கிறீனிச்சுக்கு ஆறரை மணித்தியாலம் முற்பட்டதாயிற்று. இம்மாற்றம் மிகையாயிற்று என்று கண்ட அரசு, ஒக்டோபர் 26ஆந் திகதி அரை மணித்தியாலத்தைப் பின்வாங்கி, ஆறு மணித்தியாலம் என்னும் இடைநிலையிற் கொண்டுவந்து நிறுத்தியது.

இவ்வாணை யாழ்ப்பாணக் குடாநாட்டை வந்தடைந்த நிலைமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் இடம்பெயர்ந்து, செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். டிசெம்பரில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. 1996 ஏப்ரில் மாத இறுதியிலேயே மக்கள் பெருந்திரளாக வீடு திரும்பத் தொடங்கினர். கூரையற்ற வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர்களிடம், அடுத்த மாதமே, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுமாறு கட்டளை வந்தது.

மின்சாரத்தைச் சேமிப்பதே அக்கட்டளையின் நோக்கம். குடாநாடோ 1990ஆம் ஆண்டு முதல் நாட்டின் பொது மின்தொடரிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. போர்த் தடைகளின் ஆண்டுகளில் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று; ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டு ஏற்றிய சிக்கன விளக்கொளியிற் பிள்ளைகள் படித்தனர். மின்கலங்கள் கிடையாமையால், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். மலைநாட்டு நீர்த்தேக்கத்தின் நீர்மட்டத்துக்கும் அந்தப் போத்தல் விளக்குக்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. கட்டளை எல்லோர்க்கும் பொதுவாயிற்று. காரணம் எல்லோர்க்கும் பொதுவாகவில்லை.

குடாநாட்டில் அரச பணிமனைகளும் பாடசாலைகளும் புதிய நேரத்தை ஏற்று நடந்தன. ஆனையிறவுக்குத் தெற்கே வன்னியில், விடுதலைப் புலிகளின் நிருவாகத்தின் கீழிருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. ஐந்தரை மணித்தியாலக் கணக்கையே தொடர்ந்து கடைப்பிடித்தன. இதனால் ஒரு தீவில், ஒரு நெடுங்கோட்டில், ஒரு மொழி பேசும் மக்களிடையே இரண்டு நேரங்கள் நிலைபெற்றன.

போர் நிகழ்ந்த ஆண்டுகளில் இவ்வேறுபாடு பெரிதாகப் புலப்படவில்லை. பாதை மூடியிருந்தமையே அதற்குக் காரணம். 2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. ஏப்ரிலில் கண்டி வீதி யாழ்ப்பாணத்துக்குத் திறக்கப்பட்டது. அப்போதுதான் இரு நேரங்களும் நேருக்கு நேர் சந்தித்தன. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பயணி ஒருவர் பத்து மணிக்கு முகமாலைச் சோதனைச் சாவடியைக் கடந்தால், எதிர்ப்புறத்தில் மணி ஒன்பதரை. வன்னியைக் கடந்து ஓமந்தையை அடைந்ததும், பெற்ற அந்த அரை மணித்தியாலத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெகு தொலைவில்லாத பயணத்தில் மணிக்கூட்டின் முள்ளை இருமுறை திருப்பவேண்டியிருந்தது. ஒரு திருமணத்துக்கு அழைப்பு அனுப்புவோரும், ஒரு கூட்டத்துக்கு நாள் குறிப்போரும், எந்த நேரம் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டியவராயினர்.

புதிய நேரத்தைக் கடைப்பிடித்த இடங்களிலும் குறை இல்லாமலில்லை. தை மாதத்தில் குடாநாட்டில் அந்நேரப்படி சூரியன் உதிப்பது ஏழு மணியளவிலேயே. ஏழரை மணிக்குப் பாடசாலை மணி அடிக்குமாயின், தொலைவிலுள்ள பிள்ளை வீட்டை விட்டு இருளிற் புறப்படுதல் வேண்டும். தெற்கிலும் இக்குறை பேசப்பட்டது. சமயச் சடங்குகளுக்கும் சுபவேளைகளுக்கும் பழைய நேரமே உகந்தது என்ற கருத்தும் வலுத்தது. ஈற்றில் 2006ஆம் ஆண்டு புதுவருடத்தையொட்டி அரசு பழைய நேரத்துக்கு மீண்டது. ஏப்ரில் 14ஆந் திகதி இரவு கழிந்து பன்னிரண்டரை மணி ஆனதும், முள் மீண்டும் பன்னிரண்டில் வைக்கப்பட்டது. அந்த அரை மணித்தியாலம் அன்றிரவு இருமுறை கழிந்தது.

இத்துடன் தீவு முழுவதும் மீண்டும் ஒரே நேரத்தின் கீழ் வந்தது. விதியின் முரணோ என்னவோ, நேரம் ஒன்றான நான்காம் மாதத்திலே, ஓகஸ்ட் 11ஆந் திகதி, முகமாலையில் மீண்டும் போர் மூண்டு பாதை அடைபட்டது. இரு புறத்து மணிக்கூடுகளும் ஒத்திருந்தன. ஒருவர் மணிக்கூட்டை மற்றவர் பார்ப்பதற்கு வழியில்லாது போயிற்று.

இவ்வரலாற்றில் 1996ஆம் ஆண்டு மாற்றத்துக்கும் 2006ஆம் ஆண்டு மாற்றத்துக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முதல் மாற்றத்தின்போது முள்ளைத் திருப்பியவை பெரும்பாலும் மனிதக் கைகளே. இரண்டாம் மாற்றத்தின்போதோ வங்கிகளிலும் பணிமனைகளிலும் கணினிகள் வந்துவிட்டன. கணினிக்கு முள்ளில்லை. அது தன் உள்ளே உலகப் பொதுநேரத்தை எண்ணிக்கொண்டிருக்கின்றது. ‘இவ்விடத்துக்கு இத்தனை மணித்தியாலம் கூட்டுக’ என்று கூறும் அட்டவணை ஒன்றைப் பார்த்து உள்ளூர் நேரத்தைக் காட்டுகின்றது. அந்த அட்டவணையில் இலங்கைக்கு நேரே ஆறு மணித்தியாலம் என்று எழுதியிருந்தது. அரசு ஆணை பிறப்பித்தது. அட்டவணைக்கு அது தெரியாது.

உலகின் பெரும்பாலான கணினிகளும் கைத்தொலைபேசிகளும் பின்பற்றும் நேரவலய அட்டவணை, 1980களில் அமெரிக்காவில் ஆதர் டேவிட் ஒல்சன் என்பவர் தொடக்கியது. பின்னர் போல் எகர்ட் என்னும் கணினி அறிஞர் அதனைப் பேணி வந்தார். உலகெங்கிலுமிருந்து தொண்டர்கள் செய்தி அனுப்ப, அச்செய்திகளை ஆராய்ந்து திருத்தம் செய்வது அவர்கள் வழக்கம். இலங்கையின் மாற்றமும் நிகழ்ந்த அதே வாரத்தில் அவர்களை எட்டியது. அவ்வேளையில் எகர்ட் ஒரு குறிப்பையும் எழுதி வைத்தார். இலங்கையிலே தமிழர் கட்டுப்பாட்டிலுள்ள பகுதிகளில் வாழ்வோர், கல்கத்தாவின் பெயரால் அமைந்த வலயத்தைத் தெரிவு செய்துகொள்ளலாம். 1970ஆம் ஆண்டு முதல் அப்பகுதிகளின் நேரம் அவ்வலயத்தோடு ஒத்திருக்கின்றது என்பது அக்குறிப்பின் கருத்து. முகமாலையின் அரை மணித்தியாலம் இவ்வாறு உலகக் கணினிகளின் ஏட்டிலும் ஒரு மூலையில் இடம்பெற்றது.

அட்டவணையைத் திருத்துவது ஒரு பணி. திருத்திய அட்டவணையை இலட்சக்கணக்கான கணினிகளுக்குச் சேர்ப்பிப்பது மற்றொரு பணி. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகள் தமக்கெனத் தனி அட்டவணை வைத்திருக்கின்றன. அதில் இலங்கைக்குரிய வலயம் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்னும் பெயரில் ஆறு மணித்தியாலம் என்று குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் அது ஐந்தரையாகத் திருத்தப்பட்டது. இத்தகைய திருத்தங்கள் கணினியைச் சென்றடையும் வழிக்கே தானியங்கு இற்றைப்படுத்தல் என்று பெயர். மென்பொருளின் குறைகளை நீக்கும் திருத்தங்களும், கள்வர் நுழையும் வாயில்களை அடைக்கும் திருத்தங்களும் அதே வழியில் வருகின்றன.

பத்துக் கணினிகள் உள்ள பணிமனையில் ஒவ்வொன்றையும் ஒருவர் சென்று பார்க்கலாம். நூற்றுக்கணக்கில் உள்ள நிறுவனத்தில் அது இயலாது. ஆகவே 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் பதிப்பு, குழுக்கொள்கை என்னும் முறையைக் கொண்டுவந்தது. மைய நிருவாகி ஒருமுறை விதியை எழுதிவைத்தால், அந்நிறுவனத்தின் கணினிகள் யாவும் அவ்விதியை ஏற்று நடக்கும். திருத்தங்களைப் பொதுவலையிலிருந்து தனித்தனியே பெறாது, நிறுவனத்துக்குள்ளே ஓர் இற்றைப்படுத்தற் சேவையகத்திலிருந்து பெறும் முறை 2002இல் வந்தது. 2005இல் அது விரிவுபடுத்தப்பட்டது. எந்தத் திருத்தம், எந்தக் குழுவுக்கு, எந்த வேளையில் என்பதனை மையமே முடிவு செய்யலாயிற்று.

கேட்பதற்கு இது குறையற்ற ஆட்சிபோலத் தோன்றும். ஆயினும் இதன் உள்ளமைப்பில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. வழமையான நடைமுறையில் மையச் சேவையகம் கணினிகளைத் தேடிச் செல்வதில்லை. கணினிகளே வந்து கேட்கின்றன. இயல்பாக, இயக்கப்படும்போது ஒருமுறையும், அதன்பின் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறையும் கணினி தன் விதிகளைப் புதுப்பித்துக்கொள்கின்றது. எல்லாக் கணினிகளும் ஒரே கணத்தில் வந்து கதவைத் தட்டாதிருக்க, அத்தொண்ணூறுடன் முப்பது நிமிடம் வரை ஏதோ ஓர் அளவு கூட்டப்படும். புதிய திருத்தம் உண்டா என்று கேட்பது ஏறத்தாழ இருபத்திரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. வந்து கேளாத கணினி எதற்கும் கட்டுப்படாமல் நின்றுவிடுவதில்லை. தான் இறுதியாகக் கேட்ட கட்டளைக்கே அது தொடர்ந்து பணிகின்றது. அதன் திரையில் எப்பிழையும் தோன்றாது. இங்குதான் தொல்லை பிறக்கின்றது.

2006ஆம் ஆண்டு ஏப்ரிலின் அரை மணித்தியாலத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திருத்தம் எட்டாத ஒரு கணினி காலை பத்து மணிக்குப் பத்தரை என்று காட்டும். மேசையிலிருக்கும் எழுதுநர் நல்லெண்ணத்தோடு நேரத்தைக் கையால் அரை மணித்தியாலம் பின்தள்ளுகின்றார். திரையில் பத்து மணி. பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் அக்கணினியின் அட்டவணை இன்னும் ஆறு மணித்தியாலம் என்றே கொண்டிருப்பதால், அது உள்ளே எண்ணும் உலகப் பொதுநேரம் அரை மணித்தியாலம் பிந்திவிடுகின்றது. விண்டோஸ் வலையமைப்பில் ஒருவர் உண்மையானவர்தாமா என்று உறுதிசெய்யும் கெர்பரோஸ் என்னும் முறை, இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை ஏற்பதில்லை. பழைய அனுமதிச் சீட்டை எவரும் திருடிப் பயன்படுத்தாதிருக்க வைத்த காவல் அது.

இதன் விளைவு இரண்டிலொன்று. மையச் சேவையகம் கணினியின் நேரத்தைச் சீர்செய்ய இயன்றால், எழுதுநர் பின்தள்ளிய நேரம் சிறிது பொழுதில் மீண்டும் பத்தரைக்கே தாவும். அவர் கணினி பழுதாகிவிட்டது என்பார். சீர்செய்ய இயலாதாயின், வாயிற்காவல் அக்கணினியை அயலாராகக் கருதிவிடக்கூடும். விதிகள் வந்து சேரா. விதிவழி வரவேண்டிய திருத்தமும் தடைப்படும். நேரத்தைத் திருத்தவேண்டிய மருந்து, நேரம் பிழையாயிருப்பதாலேயே உள்ளே வர முடியாத நிலை உண்டாகும். பின்னர் எவ்வாறோ அட்டவணை மட்டும் திருந்திவிட்டால், அக்கணினி ஒன்பதரை என்று காட்டும். ஒரு பிழையை மற்றொரு பிழையால் மறைத்த இடத்தில், திருத்தம் வந்த நாளில் மூன்றாவது பிழை முளைக்கின்றது.

இத்தகைய சிக்கலை அவிழ்ப்பதற்கு, கட்டளை சென்ற வழியே அடிமேலடி வைத்து நடந்து பார்த்தலே முறை. முதலாவது, கட்டளை பிறந்த இடத்தில் அது சரியாக உள்ளதா என்று காண்க. திருத்தத்துக்கு மையத்தில் ஒப்புதல் வழங்கப்பட்டதா, உரிய குழுவில் அக்கணினி சேர்க்கப்பட்டுள்ளதா என்பவை முதற் கேள்விகள். இரண்டாவது, கணினி வந்து கேட்டதா என்று காண்க. வலையிணைப்பும், சேவையகத்தின் முகவரியும், மேலே கண்டவாறு கணினியின் நேரமும் சரியாயிருத்தல் வேண்டும். முகவரியில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் கணினி இல்லாத வாயிலைத் தட்டிக்கொண்டேயிருக்கும்.

மூன்றாவது, கணினி இப்போது எக்கட்டளையைக் கைக்கொண்டிருக்கின்றது என்று அதனையே வினவுக. விண்டோஸில் இதற்கென ‘ஜீபீ ரிசல்ட்’ என்னும் கட்டளை உண்டு. கணினியில் உள்ள விதி, இடத்துக்குரிய விதி, நிறுவனத்துக்குரிய விதி, பிரிவுக்குரிய விதி என நான்கு படிகளில் விதிகள் இறங்குகின்றன; முரண்பட்டால் இயல்பாக ஈற்றில் வரும் பிரிவு விதியே வெல்லும். நிறுவனம் முழுவதற்கும் மையம் எழுதிய விதி கணினியை அடைந்தும், பிரிவு விதியொன்று அதனை மறைத்திருக்கலாம். பஞ்சாங்கம் இரண்டிருக்கும் ஊரில் இவ்வீடு எதனைப் பின்பற்றுகின்றது என்று கேட்டறிவது போன்றதே இது.

நான்காவது, கட்டளை கிடைத்தும் நிறைவேறியதா என்று காண்க. இங்கு ஊர் நிலைமையை அறிதல் இன்றியமையாதது. இம்முறையில் திருத்தத்தை நிறுவுவதற்கு இயல்பாகக் குறிக்கப்பட்டிருந்த வேளை அதிகாலை மூன்று மணி. பகலும் இரவும் கணினி இயங்கும் நகரத்துப் பணிமனைக்கு அது நல்ல வேளை. மாலையில் மின்பிறப்பாக்கியை நிறுத்திக் கதவைப் பூட்டிச் செல்லும் பணிமனைக்கு அதிகாலை மூன்று மணி என்று ஒன்று இல்லை. தவறிய வேலையைக் கணினி இயங்கியதும் செய்யுமாறு தனி விதி எழுதுதல் வேண்டும். மையத்தில் இருப்பவர்க்கு இரவில் அங்கே மின்சாரம் இல்லை என்பது தெரிந்தாலன்றி அவ்விதியை எழுதமாட்டார். 1996இல் நீர்த்தேக்கத்தை நோக்கியவர் போத்தல் விளக்கைக் காணாதது போன்றதே இதுவும்.

இன்னுமொரு வகைத் தவறும் அடிக்கடி நேர்வது. ஒரு கணினியை ஒழுங்குசெய்து, அதன் வட்டை அப்படியே பிரதியெடுத்துப் பல கணினிகளில் இடுவர். அவை எல்லாம் சேவையகத்திடம் ஒரே அடையாள எண்ணைக் கூறும். இருபது கணினிகள் இருந்தும் மையத்தின் ஏட்டில் ஒன்றே தோன்றும். அந்த ஒன்றுக்குத் திருத்தம் கிடைத்ததென்று மையம் அமைதி கொள்ளும். அடையாளத்தை அழித்து ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பதிவு செய்வதே பரிகாரம்.

தொலைநாடுகளும் இத்தொல்லைக்கு விலக்கல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோடைநேரத்தின் தொடக்கத்தை மாற்றி, 2007 மார்ச் 11ஆந் திகதி முதல் நடைமுறைப்படுத்தின. அங்கும் நோக்கம் ஆற்றலைச் சேமிப்பதே. பழைய விண்டோஸ் பதிப்புகளை வைத்திருந்த நிறுவனங்கள் பலவற்றுக்குத் திருத்தம் தானாகக் கிடைக்கவில்லை. நிருவாகிகள் அட்டவணையைத் தாமே எழுதிக் குழுக்கொள்கை வழியாகப் பரப்பினர். ஆனால் அந்நாட்டில் சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையே ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட அவகாசம் இருந்தது. 1996இல் இலங்கை மக்களுக்குக் கிடைத்த அவகாசம் மிகச் சிறிது. நேரத்தை மாற்றுவோர் முன்னறிவித்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும்.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தது. குடாநாடு நாட்டின் மின்தொடரோடு மீண்டும் இணைந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி, கால் நூற்றாண்டுக்குக் கிட்டிய இடைவெளியின் பின், கொழும்பிலிருந்து யாழ்ப்பாண நிலையத்துக்குப் புகையிரதம் வந்தது. 1906இல் எந்த வண்டிக்காகப் பொதுநேரம் வேண்டப்பட்டதோ அவ்வண்டி, அதே ஐந்தரை மணித்தியாலக் கணக்கில் மீண்டும் ஓடுகின்றது. கணினித் துறையிலும் முறைகள் மாறி வருகின்றன. நிறுவனத்துக்குள் இருந்த இற்றைப்படுத்தற் சேவையகத்தை மேலும் வளர்ப்பதில்லை என 2024 செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் அறிவித்தது. அப்பணி படிப்படியாக இணையவெளிச் சேவைகளுக்கு மாறுகின்றது. மையம் இன்னும் தொலைவுக்குச் செல்கின்றது.

அந்தச் சேவையகத்தின் திரையில் கணினிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அக்கணினி இறுதியாக வந்து தன் நிலையை அறிவித்த நாளும் நேரமும் காட்டப்பட்டிருக்கும். நல்ல நிருவாகி காலையில் முதலிற் பார்ப்பது அந்த நிரலையே. நெடுநாள் வந்து பேசாத கணினி எது என்று கண்டு, அது ஏன் வரவில்லை என்று கேட்டறிவதிலிருந்தே அவருடைய பணி தொடங்குகின்றது. நாட்டின் நேரத்தை மாற்றிய 1996ஆம் ஆண்டு ஏட்டில் அத்தகைய நிரல் ஒன்று இருக்கவில்லை. இருந்திருந்தால், குடாநாட்டின் பெயருக்கு எதிரே அது வெறுமையாகவே இருந்திருக்கும். அவ்வெறுமையைக் கண்டு எவரேனும் காரணம் கேட்டிருக்கவும் கூடும்.